இன்ஜினியரிங் முடிச்சு வெளிய வந்தவங்களுக்கு லிங்க்ட்இன் எந்தளவு உதவுது? என்னோட ரிவியூ

முதல்லயே சொல்லிடுறேன், வேலை, தொழில் தொடர்புக்கான லிங்க்ட்இன் ஆப்ல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, ரெண்டையும் சேத்து ஒரே மார்க் போட முடியாது. ஒண்ணு ஃபீடு, ஆப்பைத் திறந்ததும் வரிசையா வந்து நிக்கிற போஸ்ட்டுங்க. இன்னொண்ணு அதுக்குப் பின்னாடி கிடக்கிற ப்ரொஃபைல்கள், யார் எங்க படிச்சாங்க, எந்த வருஷம் முடிச்சாங்க, எங்க சேந்தாங்க, எப்ப மாறினாங்கன்னு அவங்கவங்களே எழுதி வெச்ச கணக்கு. டிகிரி முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆன இன்ஜினியருக்கு ஃபீடால பெருசா பிரயோஜனம் இல்ல, பல நேரம் மனசு தான் கெட்டுப் போகுது. ஆனா ப்ரொஃபைல் தேடுறதுல கிடைக்கிற மாதிரி தகவல் எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் இலவசமா கிடையாது. அதனால ஃபீடுக்கு அஞ்சுக்கு ரெண்டு, ப்ரொஃபைல் தேடலுக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஏன்னு விளக்கமா எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் வரும்.

நான் எலக்ட்ரிக்கல் முடிச்சேன், இப்ப டெஸ்ட் இன்ஜினியர், மோட்டார் கண்ட்ரோலர் போர்டை சோதிக்கிற வேலை. இந்த மாதிரி ஒரு வேலை இருக்குன்னே படிக்கும்போது யாரும் எங்களுக்குச் சொல்லல. அதை நான் கண்டுபிடிச்சதே லிங்க்ட்இன்ல தான், அதுவும் ஃபீடு வழியா இல்ல, அதை அப்புறம் சொல்றேன்.

மொதல்ல ஃபீடு. 2003 மே மாசம் லிங்க்ட்இன் வெளிய வந்தப்ப அது ரெஸ்யூமே போட்டு வெச்சுக்கவும் தெரிஞ்சவங்க வழியா தெரியாதவங்களைப் பிடிக்கவும் உருவான இடம். 2016ல மைக்ரோசாஃப்ட் 2620 கோடி டாலர் கொடுத்து வாங்கினாங்க, 2023ல நூறு கோடி உறுப்பினர் தாண்டிட்டோம்னு அறிவிச்சாங்க. இத்தனை பேர் இருக்கிற இடத்துல இன்னைக்கு நாம ஆப்பைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்"னு ஆரம்பிக்கிற போஸ்ட் தான். ரிசல்ட் வந்த புதுசுல, அதுக்கப்புறம் கம்பெனிங்க ஆள் சேக்குற மாசங்கள்ல, பேட்ச் முழுக்க இதையே போடுவாங்க. சந்தோஷமான விஷயம் தான், நானும் கைதட்டுற பட்டனை அழுத்தி மனசார வாழ்த்துவேன். ஆனா வேலை இன்னும் அமையாத ஒருத்தர் அதே ஃபீடைப் பாத்தா உலகத்துல தன்னைத் தவிர எல்லாருக்கும் கிடைச்சிடுச்சுன்னு தான் தோணும். அது உண்மையே இல்ல, அப்படித் தோணுறதுக்குக் காரணம் ஆப் வேலை செய்யற விதத்துலயே இருக்கு.

எப்படின்னா, ப்ரொஃபைல்ல புது வேலை சேக்கும்போது "நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கணுமா"ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் பண்ணா உங்க தொடர்புல இருக்கவங்களுக்குச் செய்தி போகும். அதாவது மாற்றம் நடந்தா மட்டும் தான் அங்க செய்தி. ஆறு மாசமா இன்டர்வியூ போயிட்டே இருக்கிறது செய்தி இல்ல, ஃபைனல் ரவுண்டு வரை போய் திரும்பினது செய்தி இல்ல, சேந்த வேலை பிடிக்காம பல்லைக் கடிச்சுட்டு இருக்கிறதும் செய்தி இல்ல. வேலை போனா பெரும்பாலானவங்க அமைதியா முடிவு தேதியைப் போட்டுட்டுப் போயிடுவாங்க, நீங்க அவங்க ப்ரொஃபைலைத் தேடிப் போய்ப் பாத்தா தான் தெரியும். இதுக்கு மேல, நிறைய லைக் வாங்கின போஸ்ட் இன்னும் நிறைய பேருக்குப் போகும், ஆஃபர் லெட்டர் போட்டோவுக்கு விழாத லைக்கா, ஆக ஒருத்தரோட நல்ல செய்தியே நாலு பேர் லைக் வழியா நாலு தடவை உங்க கண்ணுல படும்.

அந்த போஸ்ட்டுகள்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கம்பெனி பேரு, பதவி பேரு, நன்றிப் பட்டியல். படிக்கிற ஜூனியருக்குத் தேவையான எதுவுமே இருக்காது. எத்தனை ரவுண்டு, என்ன கேட்டாங்க, ஆஃபருக்கும் ஜாயினிங்குக்கும் எவ்வளவு இடைவெளி, ட்ரெய்னிங்ல என்ன கத்துக் கொடுக்கறாங்க, எந்த டீம்ல போடுவாங்கன்னு முன்னாடியே தெரியுமா, இதெல்லாம் தானே வேணும். இப்ப ஏஐ வெச்சு எழுதற வசதியும் வந்ததுக்கப்புறம் எல்லாப் போஸ்ட்டும் ஒரே அச்சுல வருது, பேரை மறைச்சுட்டா யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

என் க்ளாஸ்ல ஒருத்தன் கேம்பஸ்ல ஆஃபர் வாங்கி சந்தோஷமா போஸ்ட் போட்டான், நூத்துக்கணக்குல லைக். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி ஜாயினிங் தேதியைத் தள்ளிட்டே போச்சு, மாசக்கணக்கா. அந்த நேரம் முழுக்க அவன் வீட்டுல உக்காந்து மெயில் பாத்துட்டு இருந்தது எங்க நாலஞ்சு பேருக்குத் தான் தெரியும், லிங்க்ட்இன்ல அவனைப் பாத்தவங்களுக்கு அவன் வேலைல இருக்கான். கடைசில அவன் வேற ஒரு சின்ன கம்பெனிக்குப் போனான், இப்ப அங்க நல்லா இருக்கான், பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) டிசைன் பண்றான், சம்பளம் முதல்ல சொன்னதை விடக் கம்மி தான் ஆனா வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். அந்த ரெண்டாவது செய்தியை அவன் எங்கயும் போடவே இல்ல, என்னைக் கேட்டா அது தான் ஜூனியர்ஸ் படிக்க வேண்டிய போஸ்ட்.

இன்னொரு விஷயம், ஃபீடுல இல்லாதவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. சிவில் முடிச்சுட்டு சைட்ல நிக்கிற என் ஃப்ரெண்டு ஒருத்தி, ராத்திரி காங்கிரீட் போடும்போது ஸ்லம்ப் டெஸ்ட் (கலவை எவ்வளவு இளகலா இருக்குன்னு பாக்குறது) பாத்து, சோதனைக்கு காங்கிரீட் க்யூப் எடுத்து, காலைல வரைக்கும் நிப்பா. 7 நாள், 28 நாள்னு அந்த க்யூபை உடைச்சுப் பாத்து தான் வலிமை சொல்லுவாங்க, அந்த ரிப்போர்ட்ல அவ கையெழுத்து இருக்கும். படிச்ச படிப்பை அவ அளவுக்கு நேரடியா பயன்படுத்தறவங்க எங்க பேட்ச்ல ரொம்பக் கம்மி, அவளுக்கு லிங்க்ட்இன் கணக்கே கிடையாது. அதே மாதிரி ப்ளான்ட்ல ஷிஃப்ட் பாக்குற கெமிக்கல் பசங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க, வீட்டுத் தொழிலை எடுத்துக்கிட்டவங்க, இன்ஜினியரிங்கே வேண்டாம்னு வேற பக்கம் போனவங்க, இவங்க யாரும் அங்க போஸ்ட் போடறதில்ல. சாஃப்ட்வேர், கன்சல்டிங், மேல்படிப்பு இந்த மூணு கூட்டம் தான் சத்தமா இருக்கும். அதை மட்டும் பாத்து "நம்ம பேட்ச்ல எல்லாரும் செட்டில் ஆயிட்டாங்க"ன்னு முடிவு பண்றது ரொம்பத் தப்பான கணக்கு.

சரி, இப்ப நான் அஞ்சுக்கு அஞ்சு கொடுத்த பகுதிக்கு வர்றேன், இது தான் இந்த ரிவியூ எழுத உக்காந்ததுக்கே காரணம்.

உங்க காலேஜோட பேரை லிங்க்ட்இன்ல தேடி அதோட பக்கத்துக்குப் போங்க, அங்க "அலம்னி"ன்னு, அதாவது முன்னாள் மாணவர்கள்னு, ஒரு டேப் இருக்கும். நிறைய பேர் அதைத் தொட்டதே இல்ல. அதை அழுத்தினா அந்தக் காலேஜ்ல படிச்சு லிங்க்ட்இன்ல இருக்கிற எல்லாரையும் சலிச்சுப் பாக்கலாம், எந்த ஊர்ல இருக்காங்க, எந்தக் கம்பெனில இருக்காங்க, என்ன மாதிரி வேலை பண்றாங்க, என்ன பாடம் படிச்சாங்க, எந்த வருஷம் சேந்து எந்த வருஷம் முடிச்சாங்கன்னு தனித்தனியா பட்டை பட்டையா காட்டும், எதை அழுத்தினாலும் மத்ததெல்லாம் அதுக்கேத்த மாதிரி மாறும். நான் பண்ணது என்னன்னா, எனக்கு ரெண்டுல இருந்து நாலு வருஷம் முன்னாடி முடிச்சவங்களை மட்டும் எடுத்தேன், பாடம் எலக்ட்ரிக்கல்னு வெச்சேன், அப்புறம் ஒவ்வொரு ப்ரொஃபைலா திறந்து முதல் வேலை என்ன, ரெண்டாவது வேலை என்ன, நடுவுல எவ்வளவு நாள்னு மட்டும் பாத்துட்டே போனேன்.

ஏன் ரெண்டுல இருந்து நாலுன்னா, பத்து வருஷம் முன்னாடி முடிச்சவங்க போன பாதை இப்ப திறந்திருக்கும்னு சொல்ல முடியாது, அவங்க சேந்தப்ப இருந்த சந்தை வேற. உங்க பேட்ச்லயே இருக்கவங்க இன்னும் எங்கயும் போய்ச் சேரல, அவங்க ப்ரொஃபைல்ல ஒரு வரி தான் இருக்கும். ரெண்டு மூணு வருஷ சீனியர்ஸ் தான் சரியான இடம், முதல் வேலைல இருந்து ஒரு தடவை மாறியிருப்பாங்க, அந்த மாற்றத்துல நிறைய தெரியும். முதல் வேலை பெரும்பாலும் எது கிடைச்சுதோ அது, ரெண்டாவது வேலை தான் அவங்களே தேடிப் போனது.

அப்படிப் பாத்தப்ப தான் நான் கேள்வியே படாத பதவிப் பேருங்க வரிசையா வந்துச்சு. வேலிடேஷன் இன்ஜினியர் (தயாரிப்பு எதிர்பாத்த மாதிரி வேலை செய்யுதான்னு சோதிக்கிறவர்), அப்ளிகேஷன் இன்ஜினியர் (கஸ்டமர் தேவைக்கு ஏத்த மாதிரி தயாரிப்பைப் பொருத்திக் கொடுக்கறவர்), ஃபங்ஷனல் சேஃப்டி (கோளாறு வந்தாலும் ஆபத்து வராம பாத்துக்கறது), ஹோமொலொகேஷன் (வண்டி விதிகளுக்கு ஏத்த மாதிரி இருக்குன்னு சான்று வாங்கறது), ஹார்டுவேர்-இன்-தி-லூப் டெஸ்டிங். கடைசில சொன்னது என்னன்னா, நிஜ வண்டியோ நிஜ மோட்டாரோ இல்லாம அதோட நடத்தையைக் கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, நிஜ கண்ட்ரோலர் போர்டை அதோட இணைச்சுச் சோதிக்கிறது. போர்டுக்கு தான் நிஜ மோட்டாரை ஓட்டுறதா தான் தெரியும், நாம ஒவ்வொரு கோளாறா உள்ள விட்டு அது எப்படிச் சமாளிக்குதுன்னு பாக்கலாம், எதுவும் எரியாது யாருக்கும் அடிபடாது. இதைப் படிச்சதும் எனக்கு இது தான் வேணும்னு தோணிடுச்சு. அதுவரைக்கும் "எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்"னு தேடிட்டு இருந்த நான் இந்தப் பேருங்களை வெச்சுத் தேட ஆரம்பிச்சதும் வர்ற வேலைங்களே மொத்தமா மாறிடுச்சு. வேலை தேடுறவங்களுக்கு இதை விடப் பெரிய உதவி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல, ஏன்னா பேரே தெரியாத வேலையை எப்படித் தேடுறது?

அடுத்து, அந்த சீனியர்ஸுக்கு மெசேஜ் அனுப்பறது. இதுக்கு நிறைய பேர் கூச்சப்படறாங்க, "பேசினதே இல்ல, நம்மளை யாருன்னு கேப்பாங்களே"ன்னு. 1973லயே மார்க் கிரனோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் எழுதியிருக்கார், வேலை சம்பந்தமான தகவல் நெருங்கின நண்பர்களை விட லேசா பழக்கம் இருக்கவங்க வழியா தான் அதிகம் வருதுன்னு. காரணம் எளிமையானது, உங்க நெருங்கின ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சது ஏற்கனவே உங்களுக்கும் தெரியும். 2022ல லிங்க்ட்இன்லயே சுமார் ரெண்டு கோடி பேரை வெச்சு அஞ்சு வருஷ அளவுல பண்ண ஒரு ஆய்வு சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்"னு ஆப் காட்டுற பரிந்துரையை ஆளுக்கு ஆள் மாத்தி வெச்சுப் பாத்தாங்க. ரொம்ப நெருக்கமும் இல்லாம ரொம்பத் தூரமும் இல்லாம, மிதமா பழக்கம் இருக்கவங்க வழியா தான் வேலை மாற்றம் அதிகம் நடந்திருக்கு. ஒரே காலேஜ், ஒரே டிபார்ட்மென்ட், மூணு வருஷம் முன்னாடி, ஒரே லேப்ல ஒரே பழைய ஆசிலோஸ்கோப்போட போராடினவங்க, இவங்க சரியா அந்த இடத்துல தான் வர்றாங்க. அதனால கூச்சப்படாதீங்க.

ஆனா என்ன எழுதறோம்ங்கிறது முக்கியம். "அண்ணா ரெஃபரல் வேணும்"னு, அதாவது அவங்க கம்பெனில சிபாரிசு பண்ணச் சொல்லி, முதல் மெசேஜ்லயே கேட்டா பதில் வராது, அவங்களுக்கு உங்களைத் தெரியாது, எதை நம்பி அவங்க பேரைக் கொடுப்பாங்க. இணைப்புக் கோரிக்கையோட அனுப்பற குறிப்பு சின்னதா தான் இருக்க முடியும், அதுவும் இலவசக் கணக்குல மாசத்துக்குக் கொஞ்சம் தான் குறிப்போட அனுப்பலாம், அதனால யாருக்குன்னு யோசிச்சு அனுப்புங்க. நான் எழுதினது ஏறக்குறைய இப்படி: "வணக்கம் அண்ணா, நானும் நம்ம டிபார்ட்மென்ட் தான், இந்த வருஷம் முடிச்சேன். நீங்க சர்வீஸ் வேலைல இருந்து வேலிடேஷனுக்கு மாறினதைப் பாத்தேன், அந்த மாற்றத்துக்கு எதை முதல்ல படிச்சீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை." அவ்வளவு தான். பதில் போட்டவங்க ரொம்பப் பொறுமையா எழுதினாங்க, ஒரு அக்கா வாய்ஸ் நோட்டே அனுப்பினாங்க, கேன் பஸ்ஸை (வண்டிக்குள்ள கண்ட்ரோலருங்க ஒண்ணோட ஒண்ணு தகவல் பரிமாறிக்கிற முறை) எந்த வரிசைல படிக்கணும், இன்டர்வியூல வேவ்ஃபார்ம் காட்டி என்ன கோளாறுன்னு கேப்பாங்க, "தெரியாது"ன்னு நிறுத்தாம அடுத்து எங்க ப்ரோப் வெப்பேன்னு சொல்லு, அதைத் தான் எதிர்பாக்கறாங்கன்னு. அந்த ஒரு வாய்ஸ் நோட்டுக்கு நான் என்னைக்கும் நன்றியோட இருப்பேன். எந்த போஸ்ட்லயும் இது வராது.

வேலை தேடுற பகுதி சுமாரா இருக்கு. ஈஸி அப்ளை (லிங்க்ட்இன்லயே இருந்து அப்ளை பண்ற பட்டன்) சுலபம் தான், சுலபமா இருக்கிறதாலயே எல்லாரும் அழுத்தறாங்க, அந்தப் பக்கம் ஹெச்ஆர் மேசைல குவிஞ்சு கிடக்கும். கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்குப் போயும் ஒரு தடவை அப்ளை பண்ணிடறது நல்லது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, அப்ளை பண்ணவங்க "100க்கு மேல்"னு ஒரு வேலைக்குக் கீழ காட்டுறதைப் பாத்து சோர்ந்து போயிடாதீங்க. வெளி வெப்சைட்டுக்குக் கொண்டு போற வேலைங்கள்ல அது அப்ளை பட்டனை அழுத்தினவங்க கணக்கு, முழுசா ஃபார்ம் நிரப்பி அனுப்பினவங்க கணக்கு கிடையாது. அழுத்திப் பாத்துட்டு பாதில விட்டவங்க அதுல நிறைய இருப்பாங்க. அப்புறம் "என்ட்ரி லெவல்"னு வடிகட்டினாலும் மூணு வருஷ அனுபவம் கேக்குற வேலைங்க உள்ள வந்துட்டே தான் இருக்கும், இது ஃப்ரெஷர்ஸுக்கு உண்மையிலயே எரிச்சலான குறை, லிங்க்ட்இன் இதைச் சரி பண்ணியே ஆகணும்.

வேலை தர்றேன்னு சொல்லி ட்ரெய்னிங்குக்கோ லேப்டாப்புக்கோ டெபாசிட்டுக்கோ காசு கேட்டா அது மோசடி, அதுல யோசிக்கவே வேண்டாம், ரிப்போர்ட் பண்ணிட்டு ப்ளாக் பண்ணுங்க. ரெக்ரூட்டர்னு சொல்றவங்க ப்ரொஃபைல்ல வெரிஃபிகேஷன் இருக்கா, எப்ப உருவான கணக்குன்னு பாத்துக்குங்க.

வேலை தேடுறேன்னு ப்ரொஃபைல்ல காட்டுற "ஓப்பன் டு வொர்க்" பத்தி அடிக்கடி கேக்கறாங்க. அதுல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு 2020ல வந்த பச்சை வளையம், போட்டோவைச் சுத்தி எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு ரெக்ரூட்டர்ஸுக்கு மட்டும் தெரியற மாதிரி. ஏற்கனவே வேலைல இருந்துட்டு மாறத் தேடுறவங்க ரெண்டாவதை வெச்சுக்கலாம், அதுலயும் உங்க கம்பெனி ரெக்ரூட்டர் கண்ணுல படாதுன்னு முழு உத்தரவாதம் லிங்க்ட்இன் தர்றதில்ல. புதுசா முடிச்சவங்க பச்சை வளையம் போடறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, இப்ப தானே படிச்சு முடிச்சீங்க, வேலை தேடத் தானே செய்வீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொரு வசதி 2022ல வந்த "கேரியர் ப்ரேக்". வேலை இல்லாத காலத்தையும் எக்ஸ்பீரியன்ஸ் பகுதிலயே ஒரு பதிவா போடலாம், அதுக்கு 13 வகை வெச்சிருக்காங்க, குடும்பத்துல ஒருத்தரைப் பாத்துக்கிட்டது, உடம்பு சரியில்லாதது, வேலைக் குறைப்பு, புதுசா ஒண்ணு கத்துக்கிட்டது, அன்பானவங்க இழப்பு கூட அதுல இருக்கு. அம்மாவுக்கு ஆபரேஷன்னு ஒரு வருஷம் வீட்டுல இருந்த ஒருத்தி எங்க பேட்ச்ல இருக்கா, "அந்த ஒரு வருஷம் எங்க போச்சு"ன்னு கேப்பாங்களேன்னு அவ பயந்துட்டே இருந்தா. அதை மறைக்காம ஒரு பதிவா போட்டா, ரெண்டே வரி. இன்டர்வியூல அதைப் பத்தி மரியாதையா ஒரு கேள்வி கேட்டுட்டு டெக்னிக்கலுக்குப் போயிட்டாங்களாம். இப்ப வேலைல இருக்கா.

காசு கட்டி எடுக்கிற ப்ரீமியம் கணக்கு வாங்கலாமான்னு கேட்டா, ஃப்ரெஷருக்குத் தேவையில்லன்னு தான் சொல்லுவேன். தொடர்புல இல்லாதவங்களுக்கு அனுப்பற இன்மெயில், யார் உங்க ப்ரொஃபைலைப் பாத்தாங்கங்கிற முழுப் பட்டியல், லிங்க்ட்இன் லேர்னிங் கோர்ஸ்கள், முக்கியமா இது தான் அதுல. சீனியர்ஸைப் பிடிக்க இன்மெயில் வேணும்னு அவசியம் இல்ல, ஒரே க்ரூப்ல இருந்தாலே மெசேஜ் கோரிக்கை அனுப்பலாம். இலவச ட்ரயல் கிடைச்சா தீவிரமா தேடுற மாசத்துல எடுத்துக்குங்க, முடியற தேதிக்கு முன்னாடி கேன்சல் பண்ண ரிமைண்டர் வெச்சுக்குங்க. சாஃப்ட்வேர் பக்கம் போறவங்களுக்கு கிட்ஹப்ல (கோடு போட்டு வெக்கிற வெப்சைட்) நாலு ஒழுங்கான ப்ராஜெக்ட் இருக்கிறது இதை விட அதிகம் பேசும், அந்த லிங்க்கை இங்க "ஃபீச்சர்டு" பகுதில போட்டு வையுங்க, ஹார்டுவேர் பசங்க போர்டு போட்டோ, டெஸ்ட் ரிப்போர்ட் பிடிஎஃப் போடலாம்.

ஃபீடு கஷ்டப்படுத்துதுன்னா ஆப்பை அழிக்க வேண்டிய அவசியமில்ல, யாரையும் தொடர்புல இருந்து நீக்கவும் வேண்டாம். அவங்க ப்ரொஃபைல்ல "அன்ஃபாலோ" மட்டும் பண்ணா நட்பு அப்படியே இருக்கும், போஸ்ட் மட்டும் வராது, அவங்களுக்கு அறிவிப்பும் போகாது. செட்டிங்ஸ்ல ஃபீடு எந்த வரிசைல வரணும்னு ஒரு தேர்வு இருக்கு, அதை "சமீபத்தியது"ன்னு மாத்தினா லைக் அதிகம் வாங்கின பழைய போஸ்ட்டே திரும்பத் திரும்ப வர்றது குறையும். ஜாப் அலெர்ட்டும் மெசேஜும் தவிர மத்த நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் நிறுத்திடலாம். அலம்னி தேடலை மொபைல்ல பண்ணாதீங்க, கம்ப்யூட்டர் ப்ரௌசர்ல திறந்தா பட்டை எல்லாம் ஒரே பார்வைல தெரியும், வேலை பாதி நேரத்துல முடியும். அடுத்தடுத்து நூறு ப்ரொஃபைல் திறக்கப் போறீங்கன்னா நீங்க பாத்தது அவங்களுக்குத் தெரியாம இருக்க ப்ரைவேட் மோடு போட்டுக்கலாம், ஆனா இலவசக் கணக்குல அது ஆன்ல இருக்கிற வரைக்கும் உங்களை யார் பாத்தாங்கன்னு உங்களுக்கும் தெரியாது. நான் அதைப் போடறதில்ல, ஒரு சீனியர் நான் பாத்ததைக் கவனிச்சு அவரே முதல்ல மெசேஜ் பண்ணியிருக்கார், "நம்ம டிபார்ட்மென்ட்டா தம்பி, என்ன தேடுற"ன்னு.